ஆறு நகல்

ஒப்புதல் படிவத்துக்கு ஆறு நகல் எடுத்துக்கொண்டு மாடியேறி வந்தார் என் கணவர். ஜெராக்ஸ் கடைக்காரரைக் கட்டிக்கொண்டால் எந்தக் காகிதமும் ஒற்றையாக வீட்டுக்குள் வராது. அக்காவுக்கு ஒன்று, நாத்தனாருக்கு ஒன்று, மாமியாருக்கு ஒன்று. மீதி மூன்றும் கைவசம் இருக்கட்டுமாம்.

ஆறு வருஷம் கழித்து அதே இடது மார்பில் புற்றுநோய் திரும்பியிருந்தது. இப்படித் திரும்பி வந்தால் பெரும்பாலும் மார்பை முழுதாக எடுத்துவிடுவார்கள் என்றார் டாக்டரம்மா. ஆனால் என் கட்டி சின்னது, ஒரே இடத்தில் இருக்கிறது. அதை மட்டும் எடுத்துவிட்டு, அந்த இடத்துக்கு மட்டும் மறுபடி கதிர்வீச்சு கொடுக்கலாம். திரும்ப வரும் வாய்ப்பு கொஞ்சம் கூடுதல். பரிசோதனைக்குத் தவறாமல் வரவேண்டும். படிவத்தில் இரண்டு கட்டங்கள். "யோசிச்சு நீங்களே டிக் பண்ணுங்க" என்றார். அந்த 'நீங்களே' என் காதில் மட்டும்தான் விழுந்தது போல.

ஹாலில் ஆளுக்கொரு பேனாவோடு உட்கார்ந்துவிட்டார்கள்.

"இந்த வயசுல அது இருந்து என்னடி ஆகப்போகுது? எடுத்துப் போட்டுட்டு நிம்மதியா இரு" என்றாள் அக்கா.

"போன தடவையே எடுத்திருந்தா இவ்வளவு அலைச்சல் உண்டா அண்ணி?" என்றாள் நாத்தனார். மாமியார் இரண்டு கட்டத்திலும் டிக் போட்டார். நாளைக்கு யாரும் அவரைக் குறை சொல்லிவிடக் கூடாதே!

"எல்லாரும் எடுத்துடலாம்னுதான் சொல்றாங்க" என்றார் இவர்.

எனக்கு மட்டும் பயமில்லையா? ஆனாலும் அது என் உடம்பு. வெட்டுப்பட்ட பிறகும் ஆறு வருஷமாக என்னோடுதான் இருக்கிறது. எனக்கு அது வேண்டும்.

"அசல் எங்க?" என்றேன்.

பையைக் குடைந்தார். சட்டைப்பையைத் தடவினார். முகம் தொங்கிவிட்டது. "மூடியைத் தூக்கிப் பாருங்க சார், அசலை விட்டுட்டுப் போறீங்க" என்று தினமும் ஊரையே அதட்டுகிற மனுஷன்.

கீழே கடைக்கு இறங்கினேன். பின்னாலேயே வந்தார். மெஷின் மூடியைத் தூக்கினால், கண்ணாடிமேல் குப்புறக் கிடந்தது அசல். இரண்டு கட்டமும் காலி. கல்லாவில் நூல் கட்டித் தொங்கவிட்டிருந்த பேனாவை இழுத்தேன். நூல் எட்டவில்லை, குனிந்துதான் எழுதவேண்டியிருந்தது. 'கட்டி மட்டும்' என்ற கட்டத்தில் டிக் போட்டுக் கையெழுத்தும் போட்டேன்.

"உங்க அக்காகிட்ட ஒரு வார்த்தை..."

படிவத்தைக் கண்ணாடிமேல் வைத்து, மூடி, நானே பொத்தானை அமுக்கினேன். மூடிக்கடியில் வெளிச்சம் ஒரு கோடாக ஓடியது.

"உங்களுக்கு ஒண்ணு போதும்ல?"

வெளியே வந்த காகிதத்தைச் சூடு ஆறுவதற்குள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். நான் மூடியைத் தூக்கி அசலை எடுத்துக்கொண்டேன்.