அண்ணனின் இடுப்பளவு

மார்ச் 11, செவ்வாய். நேற்று அண்ணனின் இடுப்பைத் தப்பாக அளந்துவிட்டேன். நான் அளந்தது பேன்ட் நிற்கிற இடம். வகுப்பில் கேட்டது வயிற்றுச் சுற்றளவு. முப்பத்தாறு அங்குலம் என்று அவரிடமும் பெருமையாகச் சொல்லிவிட்டேன். தப்பென்று இன்னும் சொல்லவில்லை.

எழுதி முடித்துப் பேனாவை மூடினாள் வீட்டின் கடைக்குட்டி. பகலில் அவள் அண்ணனின் தையல் கடையில் பேன்ட்டுகளுக்கு ஓரம் மடித்துத் தைப்பாள். மாலையில் மருத்துவ உதவியாளர் வகுப்புக்குப் போவாள். வீட்டில் ஒருவரை அளந்து வரச் சொன்னபோது, பழக்கதோஷத்தில் நாடாவை அண்ணனின் பெல்ட்டின் மேலேயே சுற்றிவிட்டாள். கடைக்கு வருகிறவர்களுக்கு அப்படித்தானே அளப்பது.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய அண்ணனுக்கு மருத்துவமனையில் ஒரு குப்பி கொடுத்திருந்தார்கள். மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் கலந்திருக்கிறதா என்று பார்த்து, பெருங்குடல் புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடிக்கிற சோதனை அது. அண்ணன் அதை அலமாரி மேல் தூக்கிப் போட்டிருந்தார். அண்ணி நச்சரித்து நச்சரித்து ஒருவழியாக அவரை வழிக்குக் கொண்டுவந்த நேரத்தில்தான் கடைக்குட்டி நாடாவோடு போய் நின்றாள்.

"பாத்தியா? கல்யாணத்துக்குத் தெச்ச பேன்ட்டும் முப்பத்தாறுதான். உடம்பு அப்படியே இருக்கு. எனக்கு எதுக்கு இந்தக் குப்பியெல்லாம்" என்று அண்ணன் பழையபடி முறுக்கிக்கொண்டார்.

இன்று வகுப்பில்தான் நர்ஸம்மா நாடாவைப் பிடிக்க வேண்டிய இடத்தைக் காட்டினார்: கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில். குடலைச் சுற்றிச் சேரும் கொழுப்பு சும்மா கிடப்பதில்லை, அழற்சியைக் கிளப்பும், இன்சுலினைக் கூட்டும், குடலின் உட்சுவரில் செல்கள் கண்டபடி பெருக அது வழிவிடும் என்றும் சொன்னார். கடைக்குட்டிக்கு அண்ணனின் வயிறு கண்முன் வந்து நின்றது.

சாப்பாட்டு மேசையில் அவள் வாயைத் திறந்தாள்.

"அண்ணா, நேத்து அளந்தது தப்பு."

"அளவு எடுத்தே பொழைக்கிற வீடு இது. தப்பா?"

"பேன்ட்டுக்குச் சரி. வயித்துக்குத் தப்பு. ஒரு தடவை எந்திரிங்க."

அண்ணன் முனகிக்கொண்டே எழுந்து சட்டையைத் தூக்கினார்.

"மூச்சைப் பிடிக்காதீங்கண்ணா."

"பிடிக்கல."

"மூச்சைப் பிடிச்சிட்டுப் பேசினாத்தான் குரல் இப்படிக் கீச்சுன்னு வரும்" என்றாள் அண்ணி.

அண்ணன் மூச்சை விட்டார். நாடா நாற்பத்து நாலில் நின்றது. அவர் குனிந்து தானே ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"பெல்ட் கீழ இறங்கிட்டே போயிருக்கு. அதான் பேன்ட் அளவு மாறல. வயித்துல கொழுப்பு சேந்தா குடல் புற்றுநோய்க்கு இடம் கொடுக்குமாம், நர்ஸம்மா சொன்னாங்க" என்றாள் கடைக்குட்டி.

"பக்கத்துக் கண்ணாடிக் கடைக்காரர் ஒட்டடைக்குச்சி மாதிரி இருப்பாரு. அவருக்கு வரலையா இந்த வியாதி?" என்று மடக்கினார் அண்ணன்.

கடைக்குட்டி நாடாவைச் சுருட்டினாள். தெரியாததைச் சொல்லி மறுபடி மாட்டிக்கொள்ளக் கூடாது. தெரிந்ததை மட்டும் நிதானமாகச் சொன்னாள். "ஒல்லியா இருக்கவங்களுக்கும் வரும். குண்டா இருந்தா வந்தே தீரும்னும் இல்ல. வாய்ப்பு கூடும், அவ்வளவுதான். இடுப்பளவு என்னவா இருந்தாலும் அந்தச் சோதனை பண்ணணும்ணா. முப்பத்தாறா இருந்தாலும் பண்ணணும். அதை நான் நேத்தே சொல்லியிருக்கணும்."

அண்ணன் சட்டையைக் கீழே இறக்கிவிட்டார். "முப்பத்தாறுன்னு கேட்டப்போ எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு தெரியுமா" என்றார்.

"இருக்காதா பின்னே. உங்க சட்டைக்குப் பக்கத் தையலை ரெண்டு தடவை பிரிச்சு விட்டவ நான்தானே" என்றாள் அண்ணி.

"மூணு" என்றார் அண்ணன். "ஒரு தடவை உனக்குத் தெரியாம கடையிலயே நான் பிரிச்சுக்கிட்டேன்."

அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார்; சிரிக்கச் சிரிக்க வயிறும் சேர்ந்து குலுங்கியது. பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, குப்பியை எடுத்துத் தூசி தட்டி தங்கையிடம் நீட்டினார். "எப்படின்னு படிச்சுச் சொல்லு. வாயால சொல்லு, செஞ்சு காட்டிடாதே."

அவள் தாளை இரண்டு முறை படித்த பிறகே சொன்னாள். மனசு லேசாகியிருந்தது. சாப்பிட்டுக் கை கழுவியதும் உட்கார்ந்து, சாப்பாட்டுக்கு முன் எழுதிவைத்த தேதியின் கீழே ஒரு வரி சேர்த்தாள்.

நாளை: குப்பியில் அண்ணனின் பெயரும் தேதியும் எழுத வேண்டும், அவர் மல மாதிரியை எடுத்துக் கொடுத்ததும், கடை திறப்பதற்குள் மருத்துவமனையில் சேர்க்க வேண்டும்.