ஒலிநாடாவில் ஒரு மூச்சு

ரெகுலா வயலினைவிடச் சற்றே பெரிய வயோலா வாசிப்பவள். ஊர்ஸ் ஆம்ஸ்லர் இசையமைப்பாளன். இசைக் கல்லூரி நாளிலிருந்தே அவளுக்கு நண்பன். கீறல், உரசல், இயந்திர இரைச்சல் என்று எது கையில் கிடைத்தாலும் இசையாக்கப் பார்ப்பவன். எழுபத்து மூன்றாம் வருஷம் நவம்பரில் ஒரு ஞாயிறு காலை, சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் மூடிக் கிடந்த பீர் ஆலைக் கூடத்தில் அவனுடைய புதுப் படைப்பு அரங்கேறியது. அவள் வாசிக்க வேண்டியது ஒரே ஒரு நீண்ட சுரம். கூடவே ஒலிநாடா ஓடும். அதில் என்ன இருக்கிறது என்று அவன் சொல்லவே இல்லை.

“மேடைலதான் நீ கேக்கணும். அப்பதான் காது புதுசா இருக்கும்.”

“போன தடவை மாதிரி குப்பை லாரியா?”

“அதைவிட அழகுடி,” என்று சிரித்தான்.

நாடா ஓடத் தொடங்கியது. முதலில் கடலலைபோல மெதுவான ஓர் இரைச்சல். ரெகுலா வில்லை இழுத்தாள். நன்றாகத்தான் இருந்தது. ஐந்தாறு நிமிஷத்தில் நாடாவின் வேகம் ஏறியது. அலை சுருங்கி மூச்சாயிற்று. மூன்று மூச்சு, ஒரு சின்ன விசில், அப்புறம் வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு மேடேறுகிறவன்போல் இழுத்துப் பிடித்து, “ஹொப்லா” என்றது ஒரு கிழட்டுக் குரல்.

அப்பா! மலையைக் குடைந்து குடைந்து நெஞ்சு முழுக்கக் கல்தூசி ஏறி, பிப்ரவரியில் செத்துப்போன அப்பா. படுக்கையில் புரளும்போதெல்லாம் அப்படித்தான் சொல்வார்.

வில் தானாக நின்றது. எழுந்து போய், சுழன்றுகொண்டிருந்த நாடாச் சக்கரத்தைக் கையால் அழுத்திப் பிடித்தாள். அப்பாவின் குரல் இழுபட்டு இழுபட்டு ஓய்ந்தது.

“இது எங்கப்பா,” என்றாள் கூடத்தைப் பார்த்து. “சாகக் கெடந்தப்ப எடுத்திருக்காங்க. எங்களை யாரும் கேக்கல.”

பின்வரிசையில் ஒருவர் கைதட்டினார். இன்னொருவரும் தட்டினார். அடுத்த நொடி கூடமே எழுந்து நின்று தட்டியது. இதுவும் படைப்பில் சேர்த்தி என்று எண்ணிவிட்டார்கள்!

மேடைக்குப் பின்னால் ஊர்ஸ் கண் கலங்க ஓடி வந்தான். “ரெகுலா, என்னமா அசத்திட்ட!”

“எப்படா எடுத்த?”

“வியாழக்கிழமைதோறும் அப்பாவைப் பாக்க வருவேன்ல, அப்ப. பையில சின்ன மிஷின் இருந்துச்சு. எவ்வளவு அருமையான சத்தம் தெரியுமா? வீணாப் போகலாமா?”

“வெக்கமா இல்ல?”

“உனக்கு எப்படியாவது சொல்லணும்னுதான்...”

முடிக்கவிடாமல் நாடாவைக் கழற்றிக்கொண்டு ரயிலேறினாள்.

லீஸ்டால் ஊரில், வீட்டில், அம்மா விஷயத்தைக் கேட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். “வாரா வாரம் அவனுக்கு நான் கேக் வெட்டிக் குடுத்தேனேடி,” என்றாள். அதையே மறுபடியும் சொன்னாள். பிறகு நாடாவை வாங்கி, ஒரு தடவைகூடக் கேட்காமல், சமையலறை அடுப்பில் போட்டாள். ரெகுலா தடுக்கவில்லை. தடுத்திருக்கலாமோ என்று அது உருகி முடிந்த பிறகுதான் தோன்றியது.

செவ்வாய்க்கிழமை ஊர்ஸ் அம்மா வீட்டுக்கே தொலைபேசியில் கூப்பிட்டான்.

“கோபமாத்தான் இருப்ப, தெரியும். ஆனா கேளு. ஜெர்மன் ரேடியோக்காரங்க கேக்கறாங்க. நாடாவுக்கு நகல் எங்கிட்ட இருக்கு. நீ எழுந்து வந்து நிறுத்தினியே, பேசினியே... அதையும் நீ மறுபடி அப்படியே பண்ணணுமாம்.”

ரெகுலா ரிசீவரை வைத்தாள்.

“யாருடி?” என்றாள் அம்மா.

நகல் இருப்பதை அம்மாவிடம் எப்படிச் சொல்வதென்று ரெகுலாவுக்குத் தெரியவில்லை.