ஆறு வயதில் முளைத்த பல்

வாயில் பிரஷ், கையில் போன். காலையில் அவர் குளியலறைக் கண்ணாடி முன் நிற்கிற கோலம் இதுதான். இடது கை பல்லைத் தேய்த்துக்கொண்டிருக்க, வலது கைக் கட்டைவிரல் மகளுடைய வகுப்பின் பெற்றோர் குழுவில் யாருடைய காய்ச்சலுக்கோ வைத்தியம் எழுதிக்கொண்டிருக்கும். மொட்டைமாடி ஒழுகாமல் பூச்சு அடித்துக் கொடுப்பது அவர் தொழில். அதில் மட்டும்தான் அவருக்கு விஷயம் தெரியும்; மற்ற எல்லாவற்றிலும் கருத்து இருந்தது. குழுவில் இருந்த தாய்மார்கள் முதுகுக்குப் பின்னால் அவரை ‘எல்லாந்தெரிஞ்சார்’ என்பார்கள். முகத்துக்கு நேரே கட்டைவிரல் படம் போட்டுப் பாராட்டுவார்கள். இப்படிப்பட்ட ஆட்கள் தானாக வளர்வதில்லை. இந்தக் கட்டைவிரல்கள்தான் வளர்க்கின்றன.

அன்று காலை மனைவி ஒரு தாளோடு வந்து நின்றாள்.

“என்னங்க, இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க. ஸ்கூல்ல பல் டாக்டருங்க வர்றாங்களாம். பாப்பாவோட கடவாப்பல்லுக்குப் பூச்சு போடுறாங்களாம், சொத்தை வராம இருக்க. இலவசம்தான்.”

எல்லாந்தெரிஞ்சார் நுரையைத் துப்பிவிட்டுச் சிரித்தார். “பூச்சா? அவளுக்கு ஆறு வயசு. வாய் பூரா பால் பல்லு. விழப்போற பல்லுக்கு எதுக்குப் பூச்சு?”

“பின்னாடி புதுசா முளைச்சிருக்கே, அதுக்குத்தானாம்.”

“அதுக்காக எந்தப் பல்லாவது விழுந்துச்சா? இல்லல்ல? விழாம முளைச்சா அது பால் பல்லு. இதுகூடத் தெரியல உனக்கு.”

அவர் சொன்ன கணக்கு முழுக்கத் தப்பு. ஆறு வயதை ஒட்டி, பால்பற்களுக்கெல்லாம் பின்னால், எதையும் தள்ளாமல் சத்தமில்லாமல் முளைக்கும் கடைவாய்ப்பல் நிலைத்த பல். ஆயுளுக்கும் அது ஒன்றுதான். ‘எனக்குத் தெரியலை, டாக்டரைக் கேட்போம்’ என்று சொல்லியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். அந்த வாக்கியம் அவர் வாயில் அதுவரை வந்ததே இல்லை.

“மாடியில மயிரிழை விரிசல் இருந்தாலே மூணு கோட்டு அடிக்கிறீங்க. புள்ளை பல்லுக்கு ஒரு கோட்டு அடிச்சா என்னவாம்?” என்றாள் மனைவி.

“கட்டடமும் கடவாப்பல்லும் ஒண்ணா? போய் வேலையைப் பாரு.”

அவள் போய் வேலையைப் பார்த்தாள். அந்தத் தாளில் தாயும் கையெழுத்துப் போடலாம் என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தது. அவள் அதைப் படிக்கவும் செய்தாள். பிறகு கையெழுத்துப் போடாமலே மடித்துப் பையில் வைத்துவிட்டாள்.

அவர் அதோடு விட்டாரா? வாயைக்கூடக் கொப்பளிக்காமல் குழுவில் எழுதினார்: ‘எச்சரிக்கை! நம் பிள்ளைகளின் வாயில் பிளாஸ்டிக் ஊற்றப் போகிறார்கள். விழப்போகும் பால்பற்களுக்கு இது தேவையே இல்லை. சிந்திப்பீர்!’ மடமடவென்று பத்தொன்பது கட்டைவிரல்கள் விழுந்தன. மற்றவர்களைச் சிந்திக்கச் சொன்ன மனிதர் தான் சிந்திக்க ஒரு நிமிடம்கூடச் செலவழிக்கவில்லை. அந்த வகுப்பில் ஒன்பது பிள்ளைகள்தான் பூச்சுப் போட்டுக்கொண்டார்கள்.

ஒன்றரை வருடம் ஓடியது. மகள் வலது பக்கத்தால் மெல்லுவதை நிறுத்தினாள். “அப்பா, பின்பல்லு வலிக்குதுப்பா” என்றாள். “பால் பல்லு, விழறதுக்கு முன்னாடி அப்படித்தான் வலிக்கும். உப்புத்தண்ணில கொப்பளி” என்றார். ஏழு மாதம் அந்தக் குழந்தை உப்புத்தண்ணீரில் கொப்பளித்தது. ஒருநாள் காலையில் கன்னம் வீங்கி, கண் பாதி மூடிக்கிடந்தது. மனைவி அவரை ஒரு வார்த்தை கேட்காமல் மகளைத் தூக்கிக்கொண்டு பல் மருத்துவரிடம் கிளம்பினாள். அவரும் பின்னாலேயே ஓடினார். டாக்டருக்கு யாராவது விளக்கிச் சொல்ல வேண்டாமா!

எக்ஸ்ரே படத்தைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டரம்மா திரும்புவதற்குள் ஆரம்பித்துவிட்டார். “பால் பல்லுதானே டாக்டர், எடுத்துடுங்க. புதுசு முளைச்சிடும்.”

“நீங்க டாக்டரா?”

“இல்ல… கட்டட வேலை.”

“அப்ப நான் சொல்றதைக் கேளுங்க. இது நிலைச்ச பல்லு. வேர் வரைக்கும் சொத்தை போயிடுச்சு, காப்பாத்த வழியில்ல. வீக்கம் வடிய மருந்து தர்றேன், அப்புறம் எடுக்கணும். எடுத்தா அந்த இடத்துல இன்னொண்ணு முளைக்காது.”

அவர் எட்டி எக்ஸ்ரே படத்தைப் பார்த்தார்.

டாக்டரம்மா மனைவியிடம் பேசினாள். “புதுசா முளைக்கிற கடவாப்பல்லு மேல பள்ளம் பள்ளமா இருக்கும்மா. பிரஷ் நார்கூட அதுக்குள்ள போகாது. சாப்பாடு போய் ஒட்டிக்கும். கிருமி அதுல இருக்கற சர்க்கரையை அமிலமாக்கும். அந்த அமிலம் மேல்தோடு மாதிரி இருக்கற எனாமலை அரிச்சிடும். அந்தப் பள்ளத்தை முன்னாடியே பூச்சு போட்டு மூடிட்டா அங்க ஒண்ணும் தங்காது. ஸ்கூல்ல யாரும் வரலையா?”

“வந்தாங்க” என்றாள் மனைவி.

வீக்கம் வடிந்ததும் பல்லை எடுத்தார்கள். மரத்துப்போன வாயோடு, பஞ்சைக் கடித்துக்கொண்டு, மகள் கேட்டாள்: “இது எப்பப்பா முளைக்கும்?” ஊரிலுள்ள கேள்விக்கெல்லாம் பதில் வைத்திருந்தவர் சுவரில் ஒட்டியிருந்த பல் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அதோடு முளைத்து மிச்சமிருந்த மூன்று கடைவாய்ப்பற்களுக்கு இரண்டு வாரம் கழித்துப் பூச்சு போட்டார்கள். பல்லைச் சுத்தம் செய்து, ஏதோ ஒரு கூழைத் தடவி, கழுவி, காயவைத்து, பிசின் போன்ற திரவத்தைப் பள்ளங்களில் தடவி, நீல வெளிச்சம் காட்டினார்கள். ஊசி இல்லை, துளை இல்லை. அரை மணிகூட ஆகவில்லை. “அப்பப்ப வந்து காட்டணும், பூச்சு தேஞ்சிருந்தா திரும்பப் போடலாம். பல்லு தேய்க்கிறதை விட்டுடக் கூடாது” என்றாள் டாக்டரம்மா.

“அவ்ளோதானா?” என்றாள் மகள். “இதுக்கா அப்பா வேணாம்னாரு?”

அந்த மாதமே பள்ளியில் மறுபடி பல் பூச்சு முகாம் என்று குழுவில் அறிவிப்பு வந்தது. எல்லாந்தெரிஞ்சார் போனை எடுத்து எழுத ஆரம்பித்தார்: ‘சில பெற்றோரின் அறியாமையால்…’

மனைவி எட்டிப் பார்த்தாள். “சில பெற்றோர்னா யாரு?”

அவர் அழித்தார். பிறகு எழுதினார்: ‘இரண்டு வருடத்துக்கு முன் பல் பூச்சு வேண்டாம் என்று நான் எழுதினேன். எனக்கு ஒன்றும் தெரியாமல் எழுதினேன். ஆறு வயதில் முளைக்கும் கடைவாய்ப்பல் பால்பல் இல்லை. என் மகள் அதை இழந்துவிட்டாள். சொத்தை வருவதற்கு முன் பூச்சுப் போடுங்கள். சந்தேகம் இருந்தால் டாக்டரைக் கேளுங்கள், என்னைக் கேட்காதீர்கள்.’

ஒரு கட்டைவிரலும் விழவில்லை. வெகுநேரம் கழித்து ஒரு தாய் மட்டும் எழுதினாள்: ‘என் பையனுக்கும் அதே பல் போச்சு சார். அன்னைக்கு உங்க மெசேஜைப் பார்த்துத்தான் நான் கையெழுத்துப் போடல.’

அவர் போனை மனைவியிடம் நீட்டினார். அவள் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

“தெரியலைன்னு ஒரு வார்த்தை சொல்ல உங்களுக்குக் கூச்சம். தப்புன்னு எதிர்த்துச் சொல்ல எனக்குப் பயம். இதுக்கு ரெண்டு வீட்டுப் புள்ளைங்க பல்லைக் குடுத்திருக்குங்க.”