பின்பக்கம்

எங்கள் மேலாளருக்கு நாங்கள் வைத்த பெயர் மேதாவி. ஆயுசில் ஒரு தாளை முழுசாகப் படித்த மனுஷன் இல்லை. ஆபீஸ் கணினியில் ஏஐ வந்தபிறகு கேட்கவே வேண்டாம். எந்தக் கோப்பு வந்தாலும் அதில் ஏற்றி, 'சுருக்கிச் சொல்லு' என்று தட்டுவார். அது சொன்னதைத் தானே ராத்திரியெல்லாம் யோசித்த மாதிரி கூட்டத்தில் அளந்துவிடுவார். நாங்களும் தலையாட்டுவோம், வேறென்ன செய்ய.

போன வாரம் கிடங்கு வேன் பின்னால் எடுக்கும்போது சுவரில் இடித்தது. ஓட்டியவர் என் அக்கா வீட்டுக்காரர். பதினோரு வருஷமாக அதே வேன். அவரை வேலையைவிட்டு எடுப்பதா வேண்டாமா என்று மேதாவி விசாரித்து எழுத வேண்டும். அத்தான் ஒரே தாளில் இரண்டு பக்கமும் விளக்கம் எழுதிக் கொடுத்தார். அதை ஸ்கேன் செய்தவன் நான். அவசரத்தில் முன்பக்கத்தோடு நிறுத்திவிட்டேன்.

என்னைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு மேதாவி அதை ஏற்றி அறிக்கை கேட்டார். ஏஐ பதில் போட்டது: 'கடிதம் பாதி வாக்கியத்தில் நிற்கிறது. இன்னொரு பக்கம் இருக்கலாம். அதைப் பார்க்காமல் இவர்மீது தவறு என்று சொல்ல முடியாது. அதையும் ஏற்றுங்கள்.'

எனக்குச் சுருக்கென்றது. தாளைத் திருப்பினேன். பிரேக் சரியில்லை என்று மூன்று தடவை எழுதிக் கொடுத்ததாகத் தேதியோடு எழுதியிருந்தார்.

"சார், பின்பக்கம் விட்டுப்போச்சு. இதோ ஏத்திடறேன்."

"இதுக்கு எப்பவும் இதே நச்சரிப்புதான். இருக்கறத வச்சு எழுதச் சொல்லிக்கறேன், நீ சும்மா நில்லு."

ஏஐ எழுதியது. ஆனால் முதல் வரியிலேயே, 'இது முழுமையற்ற கடிதத்தை வைத்து எழுதியது, இதைக்கொண்டு முடிவெடுக்க வேண்டாம்' என்று போட்டிருந்தது. மேதாவி அந்த வரியை மட்டும் அழித்தார். அன்றைக்கு அவர் சொந்த மூளையால் செய்த வேலை அது ஒன்றுதான்.

மறுநாள் முதலாளி அறிக்கையைப் படித்துவிட்டு அத்தானைக் கூப்பிட்டு, தவறு அவர்மீதுதான், வேலையைவிட்டு எடுக்கிறேன் என்றார். நானும் மேதாவியும் நின்றோம்.

"பிரேக் சரியில்லன்னு பின்பக்கம் எழுதிருக்கேன் சார். யாரும் படிக்கலையா?" என்றார் அத்தான்.

மேதாவி அசரவே இல்லை. "எல்லாத்தையும் ஏத்தித்தான் சார் எழுதினேன். ஸ்கேன் பண்ணவன் இவன்தான், கேளுங்க."

முதலாளி என்னைப் பார்த்தார். "பின்பக்கம் ஏதாவது இருந்துச்சா?"

அந்தத் தாள் என் மேசை டிராயரில்தான் இருந்தது. என் வேலை நிரந்தரமாக இன்னும் ஒரு மாதம். அதற்குக் கையெழுத்துப் போட வேண்டியவர் மேதாவி. இத்தனை நாள் அவரை எவ்வளவு கேவலமாக நினைத்திருப்பேன்.

"இல்ல சார்," என்றேன்.

அத்தான் மேதாவியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வேன் சாவியை மேசையில் வைத்துவிட்டு என் எதிரே வந்து நின்றார்.

"உங்க அக்காகிட்ட நீயே சொல்லிடு," என்றார்.