ஆறு மணிவரை பீரோவில்

"சார், என் போன் வேணும்."

எதை வேண்டுமானாலும் கேள், இதை மட்டும் கேட்டுவிடாதே என்று காலையிலிருந்து அம்மா காதைக் கடித்துக்கொண்டிருந்தாள். மகள் கேட்டேவிட்டாள். விரிப்பின் மறுமுனையைப் பிடித்திருந்த அம்மாவின் கை அப்படியே நின்றுபோனது.

ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை வெளுத்துத் தேய்க்கும் கூடம் அது. சூட்டு உருளையிலிருந்து வரும் விரிப்பை ஆளுக்கு இரண்டு முனையாகப் பிடித்து, உதறி, எதிரெதிரே நடந்து மடிக்கவேண்டும். ஒற்றை ஆளால் ஆகாத வேலை.

சூப்பர்வைசருக்கு விசில் என்று பெயர். கழுத்தில் தொங்குவதால் வந்தது. படித்த படிப்புக்கு வேலை கிடைக்காமல் அம்மாவோடு மடிக்க வந்தவளுக்கு டிகிரி என்று பெயர் வைத்தவன் அவன்தான்.

"டிகிரிக்கு என்ன அவசரம்? மாப்பிள்ளை காத்துக்கிட்டு இருக்காரா?"

உருளைக்காரர் மட்டும் கடமைக்குச் சிரித்தார்.

இந்தத் தேர்தலில் வீட்டிலிருந்தே போனில் ஓட்டுப் போடலாம் என்று தெருவெல்லாம் தட்டி வைத்திருந்தார்கள். இவர்கள் போட்டது விசிலின் அறையில். ஒவ்வொருவராக உள்ளே போக, அவன் பேனா முனையால் காட்டிய இடத்தில் அழுத்தினார்கள். அது முதலாளியின் மச்சான் பெயர். இவர்கள் குடியிருக்கும் வீட்டு வரிசையை இடித்து லாரி நிறுத்த இடம் கட்டுவேன் என்று சொல்லியே ஓட்டுக் கேட்கிறவன். ப்ளீச்சிங் பவுடரில் ரேகை தேய்ந்த அம்மாவின் கட்டைவிரலைப் போன் ஏற்கவில்லை. விசில் அவள் தாடையைப் பிடித்துக் கேமரா பக்கம் திருப்பினான். போட்டோவுக்கு நிற்பதுபோல் அம்மா நின்றாள். பிறகு போன்கள் எல்லாம் ஒரு கூடைக்கும், கூடை பீரோவுக்கும் போயின.

ஆறு மணிவரை ஓட்டை மாற்றிக்கொள்ளலாம், கடைசியாகப் போட்டதுதான் கணக்கு. அது விசிலுக்கும் தெரியும். திரையின் அடியில் எறும்பு எழுத்தில் இருந்ததை அவளும் படித்திருந்தாள். பள்ளிக்கூடத்து வாக்குச்சாவடிக்கு நேரில் போய்ச் சீட்டில் குத்தினால் போன் ஓட்டு செல்லாது என்பதும் அங்கேதான் இருந்தது.

"ஆறு மணிக்கு மேல எல்லாருக்கும் குடுப்பேன்."

"ஆறு மணிக்கு மேல அது வெறும் போன்தானே சார்."

விசில் பக்கத்தில் வந்தான். குரல் தணிந்தது. "உங்கம்மாவுக்கு இந்த வயசுல வேற எவன் வேலை குடுப்பான்? யோசிச்சுப் பேசு."

அவன் நகர்ந்ததும் அம்மா விரிப்போடு கிட்டே வந்தாள்.

"மாத்திப் போட்டா அவங்களுக்குத் தெரிஞ்சிரும்டி. எல்லாம் கம்ப்யூட்டர்லதானே இருக்கு?"

தெரியாது என்று அடித்துச் சொல்ல வாய் வரவில்லை. யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது என்று அவளிடமும் எவரும் சொன்னதில்லை. படித்த எந்தப் புத்தகத்திலும் இல்லை.

"முனையப் பிடி. விரிப்பு ஆறுது."

அவள் பிடிக்கவில்லை. இடுப்பைத் தொட்டுப் பார்த்தாள். கிளம்பும்போதே செருகிக்கொண்டு வந்த வாக்காளர் அட்டை வியர்வையில் ஒட்டிக்கிடந்தது. அதன் விளிம்பைக் கண்டதும் அம்மாவின் முகம் வெளிறியது. தடுக்கவும் இல்லை, போ என்று சொல்லவும் இல்லை.

அவள் நடந்தாள். முதுகுக்குப் பின்னால் விசில் ஊதியது, மறுபடியும் ஊதியது.

வாசலில் ஒருமுறை திரும்பினாள். அம்மா இரண்டு முனைகளையும் உயரத் தூக்கிப் பிடித்தபடி நின்றிருந்தாள். மற்ற இரண்டும் ஈரத் தரையில் கிடந்தன. உருளையிலிருந்து அடுத்த விரிப்பு வந்துகொண்டிருந்தது. அம்மாவுக்கு எதிரே வந்து நிற்க ஒருவரும் நகரவில்லை.

அவள் வெளியேறினாள்.