புளி போட்டு விளக்கிய கேஸ்கள்

சுருளிராஜனுக்குக் கோபம் வந்தால் நாக்கு முதலில் கிளம்பிவிடும். புத்தி அப்போதுதான் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும். கம்பத்துக்குப் பக்கத்தில் திராட்சைத் தோட்டம் வைத்திருந்த மனுஷன். கொடியிடம் காட்டும் பொறுமையில் காலே அரைக்கால் பொண்டாட்டியிடம் காட்டியிருந்தால் இந்தக் கதையே கிடையாது.

அவருக்கு ஒரு பைத்தியம் இருந்தது, ரைஃபிள் போட்டி. எங்கோ தூரத்தில் நிற்கும் தாளில் ஓட்டை போடுவதற்காக ஊர் ஊராகப் போவார். சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கூட்டை, கேஸ் என்பார்கள், ஒன்றுவிடாமல் பொறுக்கிக்கொண்டு வருவார். சுடும்போது கேஸ் கொஞ்சம் ஊதிப்போகும். பின்னறையில் ஒரு பிரஸ் உண்டு. எண்ணெய் தடவி அதில் இருக்கும் எஃகு அச்சுக்குள் தள்ளினால் கேஸ் பழைய அளவுக்குச் சுருங்கும். பிறகு வெடிமருந்து போட்டுப் புதுக் குண்டை உட்கார வைக்கலாம். அதற்கு முறைப்படி அனுமதியும் வாங்கியிருந்தார்.

சூட்சுமம் எல்லாம் கேஸின் கழுத்தில் இருந்தது. குண்டைப் பிடித்துக்கொள்வது அந்தக் கழுத்துதான். எல்லாக் கேஸும் ஒரே இறுக்கமாகப் பிடிக்க வேண்டும். ஒன்று முறுக்கிப் பிடித்து இன்னொன்று தளர விட்டால், தாளில் ஒரு ஓட்டை மேலே விழும், அடுத்தது கீழே விழும்.

மாரீஸ்வரிக்குத் துப்பாக்கி பிடிக்காது. ஆனால் சாயங்காலமானால் பூண்டு உரிக்கிற சாக்கில் அந்த அறைக்கு வந்து உட்கார்ந்துவிடுவாள். புருஷன் வேறெங்கும் அவ்வளவு பேசமாட்டார். கழுத்து, இறுக்கம் என்று அவர் அளப்பதைக் கேட்டு, "அப்ப அதுக்கும் சட்டைக் காலர் மாதிரிதான்" என்பாள். அவர் சிரிப்பார். அந்த வீட்டில் இருந்த சந்தோஷத்தில் பாதி அந்த அறையில்தான் இருந்தது.

போன வருஷம் ஆயுத பூஜைக்கு முதல் நாள் அவர் தோட்டத்தில் கொடி வெட்டும் கவாத்து வேலையில் இருந்தார். குத்துவிளக்கை விளக்க உட்கார்ந்த மாரீஸ்வரி, புகை பிடித்துக் கறுத்துக் கிடந்த கேஸ்களைப் பார்த்தாள். பித்தளைதானே, அடுத்த வாரம் போட்டி வேறு. புளியைக் கரைத்து வெளியே தேய்த்து, ஈர்க்குச்சியில் பஞ்சைச் சுற்றிக் கழுத்துக்குள்ளேயும் தேய்த்து, கழுவி வெயிலில் காயவைத்து, பூஜையில் வைத்துச் சந்தனப் பொட்டும் இட்டாள். ஒரு சின்ன டப்பா மட்டும் நேரமில்லாமல் அப்படியே கிடந்தது.

அவர் வந்து பார்த்துப் பூரித்துத்தான் போனார். "தங்கமா மின்னுதே மாரி" என்றார். பூஜை முடிந்த மறுநாள் குண்டை உட்கார வைக்கும்போது பிரஸ்ஸின் கைப்பிடி ஒரு கேஸில் முரண்டு பிடித்தது, அடுத்ததில் வழுக்கிக்கொண்டு போனது. கைக்குத் தெரிந்தது. மனசு வேறு பக்கம் பார்த்துக்கொண்டது.

போட்டியில் மானம் போயிற்று. தேசியப் போட்டிக்கு ஆள் எடுத்த பட்டியலில் அவர் பெயர் இல்லை. தீபாவளிக்கு ஆண்டிபட்டியில் மச்சினன் ஈஸ்வரபாண்டி வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது மச்சினன் விசாரித்தார்.

"போட்டி என்னாச்சு மாப்ள?"

"ஒங்க தங்கச்சிகிட்டக் கேளுங்க. குண்டுக் கூட்டைப் புளி போட்டு வெளக்கி வச்சிருக்கா. வெளக்கு வெளக்குறவ கையில துப்பாக்கிச் சாமான் சிக்குனா வெளங்குமா?"

ஈஸ்வரபாண்டிக்குச் சிரித்துப் புரையேறியது. அன்றிலிருந்து தங்கச்சியை அவர் வேறு பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. "ஏ புளி, எப்பத்தா வந்த?" என்பார். பாசமான மனுஷன்தான், கேலி செய்யாமல் அவருக்குப் பேசவே வராது. மாசியில் நெஞ்சுவலி வந்து தேனி ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் அப்படித்தான் கூப்பிட்டார். பிறகு போய்ச் சேர்ந்துவிட்டார்.

மாரீஸ்வரி ஒரு நாளும் எதிர்த்துப் பேசவில்லை. பின்னறைக்கு வருவதை மட்டும் நிறுத்திக்கொண்டாள். பூண்டை அடுப்படியிலேயே உரித்தாள். சுருளிராஜன் முதலில் வீம்பாக இருந்தார். பிறகு கதவை அகலத் திறந்துவைத்துப் பார்த்தார். அவள் வரவில்லை.

இந்த ஆடியில் போடியிலிருந்து ஸ்டீவன் வந்தான். இரும்புக்கடைக்காரன், கூடப் போட்டிக்கு வருகிறவன். அந்தக் கேஸ்களை எடுத்து அச்சுக்குள் தள்ளி, ஒவ்வொன்றாகக் குண்டை உட்கார வைத்துப் பார்த்தான். புளி படாமல் கிடந்த சின்ன டப்பாவையும் திறந்து, கறுத்த கேஸ்களிலும் அதேபோல் வைத்துப் பார்த்தான். அதிலும் ஒன்று முரண்டியது, ஒன்று வழுக்கியது.

"புளி என்னண்ணே பண்ணுச்சு? வெளக்காததும் இப்படித்தான இருக்கு. கழுத்து கெட்டிப்பட்டுப் போச்சு. கடைசியா எப்பச் சூடு காட்டுனீக?"

சுருளிராஜன் ஒரு கறுத்த கேஸை வாங்கித் தானும் குண்டை வைத்துப் பார்த்தார். ஊதி ஊதிச் சுருங்கும் பித்தளை கெட்டிப்படும். அச்சுக்குள் தள்ளினாலும் ஒவ்வொன்றும் தன் இஷ்டத்துக்குத் திமிறும். அவ்வப்போது கழுத்தை நெருப்பில் காட்டி இளக்க வேண்டும். அறுப்பு நேரம், உடம்பு அலுப்பு, அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தவர் அவர்தான். இது தெரியாத ஆளும் இல்லை. கை சொன்னபோதே கேட்டிருக்கலாம். பழி போட ஆள் கிடைத்ததும் யோசிப்பதை நிறுத்திவிட்டார். வெட்கத்தில் காது சுட்டது.

ஸ்டீவன் பஸ் ஏறியதும் அடுப்படிக்குப் போனார். மாரீஸ்வரி மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏ மாரி. அன்னைக்குப் போட்டியில தோத்தது புளியால இல்ல. சூடு காட்டாம விட்டது நாந்தேன். ஒன் மேல தப்பே இல்ல."

அவள் கை நின்றது. பிறகு மறுபடி உரித்தது.

"யாரு சொன்னா?"

"ஸ்டீவன் வச்சுப் பாத்தான். நானும் பாத்தேன். எல்லாருக்கும் முன்னால சொன்னது பெரிய தப்பு. வாரயா, ஆண்டிபட்டிக்குப் போவோம். ஒங்க மதினிகிட்ட, பிள்ளைககிட்ட, அதே எடத்துல ஒக்காந்து நானே சொல்றேன்."

மாரீஸ்வரி நிமிர்ந்து பார்த்தாள். கோபமாக இருந்திருந்தால் அவருக்குத் தாங்கியிருக்கும்.

"மதினியும் பிள்ளைகளும் அன்னைக்குச் சிரிக்கலைங்க" என்றாள். "அண்ணந்தான் சிரிச்சாக."