சதாயோ நிறுத்திய பேருந்து

வண்டிகளுக்கு ஹைட்ரஜன் நிரப்பும் நிலையத்தில் ஒரு விதி உண்டு. எதைச் சோதிக்கிறாயோ அதை விரலால் காட்டு, கண்ணால் பார், "சரி!" என்று வாய்விட்டுக் கூவு. ஆறு வருடமாகக் கூவிக் கூவி, அங்கே வேலைபார்க்கும் சதாயோவுக்கு வீட்டில் அடுப்பை அணைத்தாலும் விரல் தானாக நீளும்.

அன்று இலையுதிர்காலக் கல்லறை வழிபாட்டு நாள். மலையடிக் கல்லறைக்குப் போகும் பேருந்து எரிபொருள் நிரப்ப வந்து நின்றது. பன்னிரண்டு பேர் நிழலில் வரிசையாகக் காத்திருந்தார்கள். அவர்களில் ஒருத்தி பக்கத்து வீட்டு ஹட்சுயே. அணு உலை வெடித்த வருடம் ஊரைவிட்டுப் போய், போன இடத்தில் புருஷனைப் பறிகொடுத்துத் திரும்பியவள். "வெடிக்கிற சரக்கே எனக்கு வேண்டாம்" என்று ஒவ்வொரு வருடமும் கல்லறைக்கு நடந்தே போனவளை, "நான் பாத்துக்கிறேன், வாங்கக்கா" என்று சதாயோதான் இழுத்து வந்திருந்தாள்.

சதாயோ குழாயைக் கழற்றிவிட்டுக் கசிவுமானியை எரிபொருள் மூடியருகே பிடித்தாள். "கசிவு இல்ல, சரி!" எல்லோரும் ஏறினார்கள். பேருந்து சத்தமில்லாமல் நகர்ந்தது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கூவியபோது அவள் கண் மானியில் இல்லை. ஹட்சுயேயின் முகத்தில் இருந்தது.

கசிவு இருக்காதுதான். ஆனால் இப்போது நிறுத்தினால், ஹட்சுயே இந்த ஜென்மத்தில் பேருந்தில் ஏறமாட்டாள். இருந்தும் சதாயோ ஓடிப்போய்ப் பேருந்தின் முன்னால் நின்றாள்.

"என்னக்கா, உயிர் மேல ஆசை இல்லியா?" என்று கத்தினான் ஓட்டுநர் கொன்னோ.

"எல்லாரையும் இறக்குப்பா. மானியப் பாக்காமலே சரின்னுட்டேன்."

"ஆறு வருஷமா அந்தக் கத்து கத்துறீங்க, இன்னிக்குத்தானா கண்ணு அவிஞ்சுது!"

எல்லோரும் இறங்கினார்கள். ஹட்சுயே பூவையும் இனிப்பு உருண்டைப் பெட்டியையும் மார்போடு அணைத்தபடி நிலையத்தின் வாசல் வரைக்கும் போய்விட்டாள்.

சதாயோ கசிவுமானியை மூடியருகே பிடித்து விரலை நீட்டினாள். இந்த முறை மானியைப் பார்த்தாள். பூஜ்யம். மறுபடியும் பார்த்தாள். பூஜ்யம்தான். "சரி" என்றாள், கூவவில்லை.

வாசலுக்குப் போய் இடுப்பு வளையக் குனிந்தாள். அவமானம் தின்றது. "மன்னிச்சிருங்கக்கா. கசிவு ஒண்ணும் இல்ல. ஆனா மொதல்ல நான் பாக்கல. பாத்த மாதிரி சொல்லிட்டேன்."

ஹட்சுயே திரும்பிப் பேருந்தைப் பார்த்தாள்.

"அந்த வருஷம் 'ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல'ன்னு எங்கிட்ட எத்தனை பேரு சொன்னாங்க. 'நான் பாக்கல'ன்னு ஒருத்தரும் திரும்பி வந்து சொல்லல."

பெட்டியைச் சதாயோவின் கையில் வைத்தாள்.

"இதப் பிடி. படி ஒசரமா இருக்கு, நான் ஏறணும்."